நிழல் விழும் சிறு பாத்தியை அழகாக்குவது எப்படி? வடசென்னை வீடுகளுக்கான கேள்விகளும் பதில்களும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே எட்டடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட ஒரு பாத்தி இருக்கிறது. முதல் சில ஆண்டுகள் அதில் ரோஜாவையும் செம்பருத்தியையும் நட்டு நட்டுத் தோற்றோம். பிறகு வெயில் எப்போது, எங்கே விழுகிறது என்று உட்கார்ந்து பார்த்து, அதற்கேற்ற செடிகளாக மாற்றினோம். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் நின்று பார்ப்பது அந்த இடத்தைத்தான். அதைப் பார்த்துவிட்டு உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லி வந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். தண்டையார்பேட்டை, இராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர், திருவொற்றியூர் என வீடுகள் நெருக்கமாக அமைந்த பகுதிகளில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதியது.

எங்கள் பாத்தியில் இருப்பது எந்த வகை நிழல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு விடுமுறை நாளில் காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை, மணிக்கு ஒருமுறை பாத்தியை எட்டிப் பார்த்து, வெயில் நேரடியாக விழுகிறதா, இலைகளின் இடையே சல்லடை போல விழுகிறதா, வெறும் வெளிச்சம் மட்டும் வருகிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மணி நேரம் இளவெயில் கிடைத்தால் அது அரைநிழல். பூச்செடிகளுக்கும் அங்கே இடமுண்டு. வேம்பு, புங்கம் போன்ற மரத்தின் அடியில் பொட்டுப் பொட்டாக ஒளி விழுமானால் அது சல்லடை நிழல். பெரும்பாலான இலைச்செடிகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இரு பக்கமும் மாடிக் கட்டடம் எழுந்து, வானம் ஒரு கீற்றாக மட்டும் தெரியும் சந்துகளில் உள்ளது முழுநிழல். பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே நின்றுகொண்டு செய்தித்தாளைச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் ஏதேனும் ஒரு செடி வளரும். படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால், அந்த இடத்தில் செடி வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டுக் கல்லும் மண்பானையும் வைத்து அழகு பார்ப்பதே நல்லது.

வீட்டின் வடக்குப் பக்கம் ஆண்டு முழுவதும் நிழல்தானே?

இல்லை. நம் ஊரில் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகளில் வடக்குச் சுவர் என்றாலே நிரந்தர நிழல் என்றிருக்கும். சென்னையோ வடக்கு அட்சரேகை 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 24, 25 தேதிகளை ஒட்டியும், ஆகஸ்ட் 18 தேதியை ஒட்டியும் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் சூரியன் உச்சியிலிருந்து வடக்கே சாய்ந்து செல்கிறது. ஜூன் 21 வாக்கில் அந்தச் சாய்வு ஏறக்குறைய 10 பாகை. ஆகவே மார்கழியில் இருட்டாகக் கிடந்த வடக்குப் பாத்தி, கத்திரி வெயில் நாட்களில் நேரடி வெயிலில் காயும். மார்கழியின் உச்சிவேளையில் ஒரு பத்தடிச் சுவரின் நிழல் வடக்கே ஏழடிக்கும் மேல் நீள்கிறது. ஜூன் மாதத்தில் அதே சுவரின் நிழல் தெற்கே இரண்டடிக்கும் குறைவாக விழுகிறது. தை மாதத்தில் பார்த்து முழுநிழல் என்று முடிவுசெய்து அக்லோனிமா என்னும் அகன்ற இலைச்செடியை நட்டவர், மே மாதத்தில் இலையெல்லாம் பழுப்பாகக் கருகியதைக் கண்டு செடியைக் குறை சொல்வார். நானும் சொன்னவன்தான். டிசம்பரில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை என இரண்டு தடவை வெயிலைக் குறித்துப் பார்ப்பது நல்லது. வடக்குப் பாத்தியாக இருந்தால் சித்திரை முதல் ஆடி வரை ஒரு பச்சை நிழல்வலையை உச்சிவேளைக்கு மட்டுமாவது கட்ட வழி செய்துகொள்ளுங்கள். அல்லது மென்மையான செடிகளைத் தொட்டியோடு மண்ணில் பாதி புதைத்து வைத்தால் அந்த மாதங்களில் எடுத்து இடம் மாற்றலாம்.

நிழலில் பூவே பூக்காதா?

அரைநிழலில் பூக்கும். முழுநிழலில் எதிர்பார்க்க வேண்டாம். அரைநிழலுக்கு என் முதல் தேர்வு கனகாம்பரம். மல்லிகையும் ரோஜாவும் கேட்கும் அளவுக்கு அது வெயில் கேட்பதில்லை. உச்சி வெயில் படாத இடத்தில் அதன் ஆரஞ்சு நிறம் இன்னும் துலக்கமாகத் தெரியும். நாட்டுக் கனகாம்பரத்தின் காய்ந்த விதைக்காய் ஈரம் பட்டதும் வெடித்துத் தெறித்து, பாத்தியின் மூலைமுடுக்கெல்லாம் தானே முளைத்துவிடும். டெல்லி கனகாம்பரம் என்று விற்கும் வகையைத் தண்டு நட்டுத்தான் பெருக்க வேண்டும். அடுத்தது டிசம்பர் பூ. ஊதாவிலும் வெள்ளையிலும் கிடைக்கும் இந்தச் செடி, மற்ற செடிகள் மழையில் நனைந்து சோர்ந்து நிற்கும் கார்த்திகை மார்கழியில் பூப்பதே அதன் சிறப்பு. நந்தியாவட்டையும் அரைநிழலைப் பொறுத்துக்கொள்ளும்; ஆனால் மூன்றடிப் பாத்திக்கு அது பெரிதாகிவிடும் என்பதால் குட்டை வகையை வாங்கி ஒரு மூலையில் மட்டும் வைக்க வேண்டும். வெள்ளை இதழ்கள் நூலிழை போல விரியும் ஸ்பைடர் லில்லியை மாநகரின் சாலைத் தீவுகளில் பார்த்திருப்பீர்கள். அது நீர் தேங்கினாலும் உப்புக் காற்று அடித்தாலும் தாங்கும் என்பதால் காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்து வீடுகளுக்குத் தயங்காமல் சொல்வேன். முழுநிழலுக்கு அருகில் வரும் இடத்தில் பீஸ் லில்லி ஒன்றுதான் ஓரளவு பூக்கும். அதுவும் தண்ணீரில் உப்பு கூடினால் இலைநுனி கருகி அழகு கெட்டுவிடும்.

பூ குறைவு என்றால் அழகு எங்கிருந்து வரும்?

இலையிலிருந்து வரும். வெயில் பாத்தியில் பூவின் நிறம் கண்ணை இழுத்துவிடுவதால் இலையை யாரும் கவனிப்பதில்லை. நிழலில் இலையின் அளவும் வடிவும் பளபளப்பும்தான் முழு வேலையையும் செய்ய வேண்டும். நேராக வாள் போல நிற்கும் மருள் செடிக்கு அருகில், வளைந்து தொங்கும் பாஸ்டன் பெரணியை வையுங்கள். இரண்டும் தனித்தனியே சாதாரணமானவை, சேர்த்து வைக்கும்போது ஒன்றின் நேர்கோடு மற்றதன் வளைவை எடுத்துக் காட்டும். அகன்ற இலைகொண்ட அக்லோனிமாவுக்குக் கீழே, புல் போன்ற மெல்லிய இலையோடு மங்கி கிராஸ் அல்லது ஸ்பைடர் பிளான்ட் இருந்தால் அந்த இடம் திட்டமிட்டுச் செய்ததாகத் தோன்றும். ஒரே அளவு, ஒரே பச்சை, ஒரே உயரம் என்று பத்துச் செடிகளை நிறுத்தினால், அவை எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் நர்சரியில் விற்பனைக்கு அடுக்கியது போலவே இருக்கும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. கரும்பச்சையும் கருஞ்சிவப்பும் கையில் எடுத்துப் பார்க்க அழகாக இருக்கும். நிழலில் வைத்தால் பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது இருட்டோடு கலந்து காணாமல் போகும். வெளிர்பச்சை, மஞ்சள் கலந்த பச்சை, வெள்ளை ஓரம் கொண்ட இலைகளே நிழலில் விளக்கு வைத்தது போலத் தெரியும். வெள்ளை வரி போட்ட ஸ்பைடர் பிளான்ட், எலுமிச்சை நிற மணி பிளான்ட், வெள்ளை கலந்த சிங்கோனியம் ஆகியவை இதற்கு ஏற்றவை. மணி பிளான்ட்டில் ஒரு குணம் உண்டு: வெளிச்சம் மிகவும் குறைந்தால் அதன் மஞ்சள் தீற்றல்கள் மங்கி, புதிய இலைகள் வெறும் பச்சையாக வரத் தொடங்கும். அப்படி மாறினால் அந்த இடத்தில் ஒளி போதவில்லை என்று செடியே சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கோலியஸ் செடிக்கு நிறம் ஏராளம், அரைநிழல் மிகவும் பிடிக்கும். பூக்கதிர் வந்ததும் கிள்ளிவிடாவிட்டால் தண்டு நீண்டு அலங்கோலமாகும்.

எட்டுக்கு மூன்றடிப் பாத்தியில் எத்தனை வகைச் செடிகள் வைக்கலாம்?

நான்கு, அதிகம் போனால் ஐந்து. ஒவ்வொன்றிலும் மூன்று முதல் ஏழு செடிகள். இந்த ஒரு பதிலில்தான் எங்கள் வீட்டிலேயே கருத்து வேறுபாடு உண்டு. என் மனைவிக்கு, எங்கே போனாலும் கிடைக்கும் ஒரு தண்டை ஒடித்து வந்து செருகிவிட வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஒன்றே ஒன்று என்று இருபது வகை சேர்ந்த பாத்தியில் கண் நிற்க இடமில்லாமல் அலையும். இடமும் இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும். ஒடித்து வந்த தண்டுகளுக்கென்று மாடியில் நான்கு தொட்டிகள் ஒதுக்கிச் சமாதானம் செய்துகொண்டோம்.

மூன்றடி அகலத்தில் மூன்று வரிசை சரிப்படாது. இரண்டு வரிசையே அமையும். பின்வரிசையில் இரண்டிலிருந்து மூன்றடி உயரம் வரும் செடிகள் ஒன்றரை அடி இடைவெளியில் ஐந்து, முன்வரிசையில் ஓரடிக்கும் குறைவான செடிகள் முக்காலடி இடைவெளியில் பத்து. உதாரணமாக, எங்கள் பாத்தியில் பின்னால் வண்ண இலைச்செடியான கார்டிலைன் இரண்டும் மருள் மூன்றும் நிற்கின்றன. நடுவில் விழும் இளவெயிலில் கனகாம்பரம் மூன்று. முன்னால் நெடுகிலும் ஸ்பைடர் பிளான்ட். சுவர் மூலையில் ஒரு மணி பிளான்ட். மணி பிளான்ட்டைத் தரையில் ஓடவிட்டால் இலை சிறிதாகவே இருக்கும். தேங்காய் நார் சுற்றிய ஒரு கம்பில் ஏறவிட்டால் மேலே போகப் போக இலை பெரிதாகும். வாசலிலிருந்து பார்க்கும்போது கடைசியில் தெரியும் முனையில் வெளிர்நிறச் செடியை வைத்தால், பாத்தி இன்னும் நீளமாகத் தோன்றும்.

ஓரம் கட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். செங்கல்லைச் சாய்வாக, பாதி மண்ணுக்குள் போகுமாறு வரிசையாகப் புதைத்துவிட்டாலே, உள்ளே செடி சுமாராக இருக்கும்போதும் பாத்தி ஒழுங்காகத் தெரியும். நிறம் நிறமாகப் பெயின்ட் அடித்த கற்களையும் பிளாஸ்டிக் வேலியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மண்பானை வேண்டுமானால் கொசப்பேட்டைக் குயவர்களிடம் ஒரே அளவில் இரண்டு மூன்று வாங்கி வைக்கலாம். நிழலில் சுட்ட மண்ணின் சிவப்பு மிக எடுப்பாக இருக்கும்.

மண்ணைத் தோண்டினால் செங்கல்லும் சிமென்ட்டும்தான் வருகின்றன. என்ன செய்வது?

வீடு கட்டியபோது மிஞ்சிய இடிபாட்டை அங்கேயே கொட்டி மேலே மண் பரப்பியிருப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான். சிமென்ட்டும் பழைய சுண்ணாம்புக் காரையும் மண்ணைக் காரத்தன்மை ஆக்குவதால், இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காமல், இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஓரடி ஆழத்துக்குத் தோண்டி, கல்லும் காரையும் கையால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். எட்டுக்கு மூன்றடிப் பாத்தியில் அரையடி உயரத்துக்குப் புதுமண் நிரப்ப 12 கன அடி, அதாவது சுமார் 340 லிட்டர் தேவைப்படும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாண எருவோ மண்புழு உரமோ ஒரு பங்கு, ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு என்பது எனக்குக் கைவந்த கலவை. கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான இடங்களில் எருவைக் கூட்டிக்கொள்ளலாம். கொளத்தூர், மாதவரம் போல ஏரியை ஒட்டிய களிமண் இடங்களில் நீர் இறங்க வழி வேண்டும். அதற்காக எம்-சாண்டை அப்படியே கலந்துவிடாதீர்கள். அதிலுள்ள மென்தூள் களிமண்ணோடு சேர்ந்து இறுகிவிடும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. செடி தாங்குமா?

சில தாங்கும், பல தாங்காது. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடப்பது நம் பகுதியின் பழைய துன்பம். மண்ணின் மேல் வெள்ளைப் படலம், இலைநுனியில் பழுப்புக் கருகல், மண்தொட்டியின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பு பூத்தது போன்ற கறை ஆகிய மூன்றும் சேர்ந்து தெரிந்தால் காரணம் தண்ணீர்தான். நிழலில் மண் மெதுவாகக் காய்வதால் நாள்தோறும் ஊற்றத் தேவையில்லை என்பது இதில் ஓர் ஆறுதல். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, ஈரமில்லை என்றால் மட்டும் ஊற்றுங்கள். உப்புநீரைத் தினமும் சிறிது சிறிதாகத் தெளிப்பதுதான் மிகக் கெடுதல். உப்பு மேலேயே தங்கிவிடும். ஊற்றும்போது வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு ஊற்ற வேண்டும். மெட்ரோ தண்ணீரில் ஒரு குடத்தை வாரம் ஒருமுறை ஒதுக்க முடிந்தால், அதைப் பெரணிக்கும் பீஸ் லில்லிக்கும் கொடுங்கள். மருளும் ஸ்பைடர் லில்லியும் உப்புநீரில் சமாளித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாயிலிருந்து ஒரு டிரம்முக்கு வழி பிரித்துவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழையில் பாத்தியை இரண்டு மூன்று முறை நன்றாகக் கழுவி உப்பை இறக்கிவிடலாம்.

மீன் கழுவிய தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், ஏ.சி. தண்ணீர், ஆர்.ஓ. கழிவுநீர் ஆகியவற்றை ஊற்றலாமா?

மீன் கழுவிய தண்ணீர் செடிக்கு நல்லது. முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் காலங்காலமாக நம் வீடுகளில் ஊற்றிவருவதுதான். ஆனால் வெயில் படாத பாத்தியில் அந்த வாடை இரண்டு நாள் நிற்கும், தெருப் பூனைகள் அனைத்தும் வந்து வேரைத் தோண்டிப் பார்க்கும். ஊற்றுவதானால் சிறு குழி பறித்து ஊற்றி உடனே மண்ணை மூடுங்கள். கருவாடு ஊறவைத்த தண்ணீரை எந்தச் செடிக்கும் ஊற்றக் கூடாது; அது உப்புக் கரைசல். அரிசி கழுவிய தண்ணீரைப் புளிக்கவிடாமல் அன்றைக்கே ஊற்றலாம். ஏ.சி. தண்ணீரில் உப்பே கிடையாது என்பதால், உப்புநீர் மட்டுமே கிடைக்கும் வீடுகளுக்கு அது வரப்பிரசாதம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரில் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருக்கும். அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

வேப்பமரத்தடியில் எது நட்டாலும் பிடிப்பதில்லை, ஏன்?

அங்கே நிழலைவிட வேர்ப்போட்டிதான் பெரிய சிக்கல். நீங்கள் ஊற்றும் நீரையும் இடும் எருவையும் மேல்மட்டத்து மெல்லிய வேர்கள் உங்கள் செடிக்கு முன்பே குடித்துவிடுகின்றன. விரல் தடிமனுக்கு மேல் உள்ள வேரை வெட்டாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு, மரத்தின் பிடிமானத்தைக் குறைப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அடிமரத்தைச் சுற்றி மண்ணை மேடாகக் குவிப்பதும் தவறு, பட்டை அழுகும். வேர்களுக்கு இடையே கை நுழையும் பொந்துகளில் மருள், ரியோ (இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் குட்டைச் செடி) போன்றவற்றின் சிறு கன்றுகளை மட்டும் நட்டு, மற்ற இடத்தில் தொட்டிகளை வையுங்கள். சின்னக் கன்று புது இடத்தில் வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும். பெரிய செடி திணறும். மாசி பங்குனியில் கொட்டும் வேப்பிலையைக் கூட்டிக் குப்பையில் போடாமல் பாத்தியிலேயே இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும், பார்வைக்கும் ஒரே சீராக இருக்கும்.

பாத்தியின் நடுவே கழிவுநீர்க் குழாயும் சேம்பர் மூடியும் இருக்கின்றன. எப்படி மறைப்பது?

சேம்பர், சம்ப், போர் மோட்டார் ஆகியவற்றின் மேல் மண்ணைப் போட்டு மூடிவிடாதீர்கள். அடைப்பு எடுக்க ஆள் வரும் நாளில் செடி முழுவதும் வெளியே போகும். மூடியின் மேல் ஒருவர் தூக்கக்கூடிய எடையில் ஒரு தொட்டியை வைத்து, சுற்றிலும் தொங்கும் இலைச்செடிகளை நட்டாலே போதும். செங்குத்துக் குழாய்க்குச் சுவரின் நிறத்தையே அடித்துவிட்டால் பாதி மறைந்துவிடும். சுவருக்கு வெள்ளையோ இளமஞ்சளோ அடிப்பது, செலவைப் பார்த்தால், நிழல் பாத்திக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய நன்மை. வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பிச் செடிக்கும் கிடைக்கும், இலையின் வடிவமும் தெளிவாகத் தெரியும். வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணைக் குவித்தால் ஈரம் ஏறி, சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிரும். அரையடி இடைவெளி விட்டு அந்த இடத்தில் ஜல்லியை நிரப்புங்கள். சுவர் வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்றை இரண்டு இலையாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும்.

நிழலில் புல்தரை போடலாமா?

வேண்டாம். கொரியன் புல்லுக்கு நல்ல வெயில் தேவை. நிழலில் சில மாதங்களில் வெளுத்து, திட்டுத் திட்டாக மண் தெரியும். மங்கி கிராஸ் நெருக்கமாக நட்டால் புல்லின் தோற்றம் கிடைக்கும், ஆனால் மேலே நடக்கக் கூடாது.

துளசி மாடம் அங்கேதான் இருக்கிறது. துளசி ஏன் நலிந்துபோகிறது?

துளசிக்கு நான்கைந்து மணி நேரமாவது வெயில் வேண்டும். மாடத்தை நகர்த்த முடியாவிட்டால், இரண்டு தொட்டிகளில் துளசி வளர்த்து, ஒன்று மொட்டைமாடியிலும் ஒன்று மாடத்திலுமாக வாரம் ஒருமுறை மாற்றி வைப்பதே எங்கள் பெரியம்மா வீட்டில் நடக்கும் ஏற்பாடு.

சமையலுக்கும் மருந்துக்கும் ஆகும் செடிகளையே அழகுக்கும் வைக்க முடியுமா?

தாராளமாக முடியும். வெற்றிலை நிழலை விரும்பும் கொடி. கொடிக்காலில் அகத்தியை நட்டு அதன் நிழலில்தான் வெற்றிலையை வளர்க்கிறார்கள். சுவரோரம் ஒரு கம்பில் ஏற்றினால் பளபளப்பான இலைகளோடு மணி பிளான்ட்டுக்குக் குறையாத அழகு. வல்லாரை ஈரநிழலில் தரையோடு படர்ந்து, வட்ட வட்ட இலைகளால் மண்ணை மூடும். முன்வரிசைக்கு அதைவிட மலிவான செடி இல்லை. கற்பூரவல்லி அரைநிழலில் நன்றாக வரும், அடிக்கடி கிள்ளினால்தான் புதராக இருக்கும். மஞ்சளின் அகன்ற இலை ஆடியிலிருந்து மார்கழிவரை பின்வரிசையை நிரப்பி, தை பிறக்கும்போது பொங்கல் பானையில் கட்டவும் உதவும். அதன்பின் இலை காய்ந்து அந்த இடம் வெறுமையாகும் என்பதை எண்ணி முன்னால் ஏதாவது வைத்திருக்க வேண்டும். சாக்கடை நீர் புகும் தாழ்வான வீடுகளில் உண்ணும் செடிகளைத் தரையில் நடாமல் உயரமான தொட்டியில் வையுங்கள்.

இலைகளில் கறுப்பாகத் தூசி படிகிறதே?

லாரிகள் ஓயாமல் போகும் சாலையை ஒட்டிய வீடுகளிலும், எண்ணூர், மணலிப் பக்கங்களிலும் இது தவிர்க்க முடியாதது. நிழலில் ஏற்கெனவே ஒளி குறைவு. அதில் தூசியும் படிந்தால் செடிக்கு இரட்டைப் பட்டினி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அகன்ற இலைகளை ஈரத்துணியால் துடைத்து, மற்றவற்றை இலையின் இருபுறமும் காலை வேளையில் நீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மினுமினுப்புக்காக எண்ணெய் தடவுவது தூசியை இன்னும் ஒட்டவைக்கும். தூசி மிகுந்த வீட்டுக்குப் பொடி இலைப் பெரணியைவிட, துடைக்க எளிதான வழவழப்பு இலைகளே பொருத்தம்.

கொசு வருமா?

செடியால் வராது, தேங்கும் நீரால் வரும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால், தொட்டித் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டே வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. பாட்டி காலத்து ஆட்டுக்கல்லைப் பாத்தியில் வைப்பது இப்போது பலருக்கும் ஆசையாகிவிட்டது. நிழலில் பாசி படர்ந்த கருங்கல் பார்க்க அழகுதான். ஆனால் அதன் குழியில் மழைநீர் நின்றால், வீடு வீடாகக் கொசுப்புழு தேடி வரும் மாநகராட்சிப் பணியாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். குழியில் மண் நிரப்பி ரியோவையோ சிறு பெரணியையோ நட்டுவிடுங்கள். அடியில் துளை இல்லாததால் கீழே ஒரு கை ஜல்லி போட்டு, மழைக்காலத்தில் சாய்த்து வைக்க வேண்டும்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. எந்தச் செடியைத் தவிர்க்க வேண்டும்?

நிழலில் அழகாக வளரும் பலவற்றின் சாறு வாயில் பட்டால் எரிச்சலும் வீக்கமும் தரும். டைஃபன்பேச்சியா இதில் முதலாவது. கலாடியம், அக்லோனிமா, மணி பிளான்ட், பீஸ் லில்லி ஆகியவற்றிலும் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் உண்டு. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவற்றை எட்டாத உயரத்தில் வைத்து, கீழே ஸ்பைடர் பிளான்ட், பெரணி, வல்லாரை, கனகாம்பரம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் பாத்தி முழுகிவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நட வேண்டுமா?

சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே கொட்டித் தீர்க்கிறது. 2015-இலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருக்களில் நின்ற நீரை வியாசர்பாடி, புளியந்தோப்புக்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. நீர் நிற்கும் இடமானால் பாத்தியைச் செங்கல் வைத்து ஓரடி உயர்த்திவிடுங்கள், அடிவரிசையில் இரண்டடிக்கு ஒரு செங்கல் இடைவெளி விட்டு நீர் வடிய வழி வையுங்கள். மருளுக்கு வேரழுகல் சட்டென வரும் என்பதால் அதை மேட்டில் நட வேண்டும். நீர் வடிந்ததும் உரம் போடாமல், சேற்றைக் கழுவி, மேல்மண்ணைச் சிறிது கிளறிக் காற்றோட்டம் கொடுத்தால் பல செடிகள் மீண்டும் துளிர்க்கும்.

நத்தை, மாவுப்பூச்சி, பெருச்சாளி?

மழை விட்ட இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போய், கையுறை போட்டு ஆப்பிரிக்க நத்தைகளைப் பொறுக்கி உப்பு கரைத்த வாளியில் போட வேண்டும். உப்பைப் பாத்தியில் தூவினால் நத்தையோடு செடியும் போகும். மாவுப்பூச்சிக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். வாரம் ஒருமுறை என மூன்று முறையாவது செய்தால்தான் அடங்கும். பெருச்சாளி வளையை ஜல்லியும் சிமென்ட்டும் போட்டு அடைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி அகப்படவில்லை.

எப்போது தொடங்கலாம், எவ்வளவு நாளில் பார்வைக்கு வரும்?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்குச் சொன்னது. நம் பாத்திக்கும் அது பொருந்துகிறது. கத்திரி வெயிலின் கடுமை தணிந்து, பெருமழை தொடங்குவதற்கு முன் வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் கிடைப்பதால் ஆடி, ஆவணியே நல்ல சமயம். ஆவணி தொடக்கத்தில் நட்டால் ஐப்பசி மழையில் செடிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும்; தை மாதத்தில் மண் தெரியாது. அதுவரை இடைவெளி வெறுமையாகத் தெரிகிறதே என்று மேலும் செடி வாங்கிச் செருகாதீர்கள். நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே இருந்த செடியை வாங்கிய அன்றே நடாமல், ஒரு வாரம் பாத்தியின் அருகில் தொட்டியிலேயே வைத்திருங்கள். சில இலைகள் உதிரும், அது இடமாற்றத்தின் சோர்வு. மண்புழு உரத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செடிக்கு ஒரு கைப்பிடி போட்டால் போதும், நிழலில் வளர்ச்சி மெதுவாக இருப்பதால் அதற்குமேல் அவை கேட்பதில்லை. நட்ட முதல் வாரத்தில் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதம் எதைப் பிடுங்குவது, எதைப் பெருக்குவது என்று முடிவுசெய்ய அது கைகொடுக்கும்.